ஆறு புட்டி என்.எம்.என். கேப்சூலும் அதனோடு வந்த விளக்கத்தாளும்

சென்ற மே மாதம் தொடங்கி ஆறு மாதங்கள், நாளொன்றுக்கு இரண்டு வீதம், மூப்பைத் தள்ளிப்போடும் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் என்.எம்.என். (என்.ஏ.டி. என்ற மூலக்கூறை உடல் உருவாக்கப் பயன்படுத்தும் மூலப்பொருள்) கேப்சூல்களை விடாமல் உட்கொண்டேன். அறுபது கேப்சூல் அடங்கிய புட்டி 2,850 ரூபாய். ஒரு கேப்சூலில் 250 மில்லிகிராம் என்று முகப்புச் சீட்டு சொல்வதால், ஒரு புட்டி ஒரு மாதத்துக்குக் காணும். எனக்கு வயது 59. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்து, நீரிழிவின் வாசற்படியில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்திருந்த வேளையில், மகன் முதல் இரண்டு புட்டிகளை வாங்கித் தந்தான். மீதி நான்கும் என் பணம். விற்பவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பொருளை விற்கும் வேறு சிலரின் பக்கங்களையும் பார்த்தேன், நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அங்கும் இருந்தன.

முதலில் பொருளைப் பற்றி. வெள்ளைப் புட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், மூடிக்கு அடியில் அலுமினியத் தாள், பக்கத்தில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி. கேப்சூலின் உறை தாவர நார்ப்பொருளால் ஆனது. தொண்டையில் ஒட்டவில்லை, வாடையும் இல்லை. பழக்க தோஷத்தால் பத்துக் கேப்சூல்களைப் பிரித்து, வீட்டிலிருக்கும் சிறிய மின்னணுத் தராசில் ஒவ்வொன்றின் தூளையும் நிறுத்துப் பார்த்தேன். 290 முதல் 310 மில்லிகிராம் வரை இருந்தது. அரிசி மாவு நிரப்பியாகச் சேர்க்கப்பட்டிருப்பதாகச் சீட்டிலேயே குறிப்பிட்டிருப்பதால் அந்த எடை பொருந்துகிறது. ஆனால் அந்தத் தூளில் எத்தனை பங்கு உண்மையான என்.எம்.என். என்பதைத் தராசு சொல்லாது. அதற்கு ஆய்வகச் சான்று வேண்டும். சீட்டிலுள்ள கட்டக் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் சான்று வருவதற்குப் பதில் நிறுவனத்தின் முகப்புப் பக்கம்தான் வருகிறது. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபோது மூன்றாம் நாள் ஒரு சான்று வந்தது, என் புட்டியில் இருந்த தொகுதி எண்ணுக்குப் பதில் வேறொரு தொகுதி எண்ணோடு. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லும் பொருளைச் சென்னையின் மே மாத வெயிலில் சாதாரண அட்டைப்பெட்டியில் அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாம் புட்டியில், மழைக்காலம் தொடங்கியதும், பாதிக்கு மேற்பட்ட கேப்சூல்களின் உள்ளே தூள் கட்டிதட்டிப் போயிருந்தது.

பொருளைவிட அதனோடு வந்த எட்டுப் பக்க விளக்கத்தாளைத்தான் நான் அதிக நேரம் வாசித்தேன். கையில் எடைத்தூக்கும் கம்பியோடு சிரிக்கும் ஓர் உயிரணுவின் படம் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே, வயதாக ஆக என்.ஏ.டி. என்ற மூலக்கூறு குறைகிறது, அது குறைவதால்தான் மூப்பு வருகிறது, எங்கள் கேப்சூல் அதை நிரப்பும், உங்கள் உயிரணுக்கள் இளமைக்குத் திரும்பும் என்று நான்கு படிகளில் ஒரு வாதம். புட்டியின் பின்புறத்திலோ, சட்டம் கேட்பதற்கு இணங்க, மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்று எறும்பு அளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு படிகளில் முதற்படி ஓரளவு உறுதியானது. மற்ற மூன்றும் அந்த ஒரு படியின் தோள்மேல் ஏறி நிற்பவை.

என்.ஏ.டி. புதிய கண்டுபிடிப்பு அன்று. 1906-இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்வதை ஆராய்ந்தபோது, கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்த்தால் நொதித்தல் விரைவதைக் கண்டார்கள். கொதிக்கவைத்தாலும் அழியாத அந்தத் துணைப்பொருளைத் துலக்கிய பணிக்காக ஹார்டனும் ஹான்ஸ் வான் ஆய்லர்-கெல்பினும் 1929-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உணவிலிருந்து பிடுங்கப்படும் எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு, அவற்றை உயிரணுவின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு மீண்டும் வந்து நிற்பது என்.ஏ.டி.யின் முதல் வேலை. சுமைகூலியைப் போல, எத்தனை முறை போய்வந்தாலும் ஆள் குறைவதில்லை. இரண்டாவது வேலையில்தான் இது செலவாகிறது. சிர்ட்டுயின் எனப்படும் நொதிகள், புரதங்களின்மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் குறிகளை நீக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு என்.ஏ.டி. மூலக்கூறை உடைத்துவிடுகின்றன. ஈஸ்ட்டின் ஆயுளோடு தொடர்புடைய சிர்2 என்ற புரதம் வேலை செய்ய என்.ஏ.டி. தேவை என்பதை 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லெனர்ட் குவாரென்டியின் ஆய்வகம் காட்டியது. அதாவது, உயிரணுவுக்கு எவ்வளவு உணவு கிடைக்கிறது என்ற செய்தியும், எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்ற தீர்மானமும் ஒரே மூலக்கூறின் வழியாக இணைகின்றன. உண்மையிலேயே அழகான கண்டுபிடிப்பு அது. விளக்கத்தாள் அதை இரண்டு வரியில் சரியாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதியை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த பக்கத்தை எழுதியவர் வேறொருவராக இருக்க வேண்டும். குறைந்தால் நிரப்பு என்பது மாடியிலுள்ள தண்ணீர்த்தொட்டிக்குப் பொருந்தலாம். அங்கும்கூட, மட்டம் ஏன் இறங்கியது என்று பார்க்காமல் மோட்டாரைப் போடுகிறவர் மின்கட்டணத்தைத்தான் ஏற்றுவார். வயதான எலிகளில் என்.ஏ.டி. குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம் சி.டி.38 என்ற நொதி பெருகி அதை உடைத்துத் தள்ளுவதே என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாட்பட்ட அழற்சியோடு சேர்ந்து கூடுகிற நொதி அது. ஓட்டை அங்கே இருக்க, விளக்கத்தாள் அதன் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. இன்னொன்று, விழுங்கிய என்.எம்.என். அப்படியே தசைக்கும் மூளைக்கும் போய்ச் சேர்வதாகப் படம் போட்டிருக்கிறார்கள். வாய்வழி போகும் இந்த மூலக்கூறுகளில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உடைந்து நிக்கோட்டினமைடு என்ற சாதாரண பி3 விட்டமினாகவே இரத்தத்துக்குள் வருகிறது. மூலக்கூறு எடையைக் கொண்டு நான் கணக்கிட்டபடி, என் தினசரி 500 மில்லிகிராம் முழுவதும் உடைந்தால் சுமார் 180 மில்லிகிராம் நிக்கோட்டினமைடு கிடைக்கும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் பி3-ஐப் போல அது பத்து மடங்குக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், சிர்ட்டுயின் தன் வேலையை முடித்ததும் கழித்துவிடும் பொருளும் நிக்கோட்டினமைடுதான். அது அளவு மீறித் தேங்கினால் சிர்ட்டுயினையே மந்தப்படுத்தும் என்பதைச் சோதனைக்குழாயில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். உடலுக்குள் இந்தத் தடை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது வேறு கேள்வி. ஆனால் அதிகம் ஊற்றினால் அதிகம் விளையும் என்ற கணக்கு இங்கே அவ்வளவு எளிதாகச் செல்லாது.

இனி, என்னை இந்த மதிப்புரையை எழுதவே தூண்டிய விஷயம். இரண்டாம் மாதத்திலிருந்து நிறுவனம் ஒரு கூட்டுச் சலுகை அனுப்பத் தொடங்கியது. கேப்சூல் புட்டியோடு, லூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் செங்கற்களில் ஒன்று) கூடுதலாகச் சேர்த்த பால்புரதத் தூள் ஒரு டப்பா. காலையில் கேப்சூலை விழுங்கி, அதே கையோடு புரதத் தூளைக் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். கேப்சூலின் விளம்பர வாசகம், பட்டினியின் பயன்களைப் பட்டினி கிடக்காமலேயே பெறலாம் என்பது. தூளின் விளம்பர வாசகம், ஒவ்வோர் உயிரணுவுக்கும் வளர்ச்சிக் கட்டளை கொடுங்கள் என்பது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தவர் இரண்டு சீட்டையும் ஒருசேர வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏனெனில் உயிரணு இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. கையிருப்பைப் பொறுத்து, கட்டு என்றோ காப்பாற்று என்றோ இரண்டில் ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்கிறது. கட்டச் சொல்லும் புரதத்துக்கு எம்டார் என்று பெயர். இது உயிரணுவின் கழிவுப்பையான லைசோசோமின் மேற்பரப்பில் வந்து அமர்ந்துதான் வேலையைத் தொடங்குகிறது. அமினோ அமிலங்கள் போதுமான அளவு இருந்தால்தான் அந்த இருக்கை அதற்குக் கிடைக்கும். அமினோ அமிலங்களில் லூசினுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. லூசின் இல்லாதபோது எம்டாரை எழவிடாமல் பிடித்துவைப்பதில் செஸ்ட்ரின்2 என்ற புரதத்துக்குப் பங்கு இருக்கிறது. லூசின் வந்து அதோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் பிடி தளர்கிறது. எம்டார் விழித்தால் புரதம் செய்யும் ரைபோசோம்கள் பெருகும், புதிய புரதங்கள் உருவாகும், உயிரணு பருக்கும். கூடவே, பழுதான உறுப்புகளைத் தானே விழுங்கிச் சுத்தம் செய்துகொள்ளும் தன்னுண்ணல் என்ற வேலை நின்றுபோகும். பட்டினி போட்ட ஈஸ்ட்டில் அந்தத் தன்னுண்ணலைக் கண்ணால் கண்டு, அதற்கான மரபணுக்களைத் தேடிப் பிடித்ததற்குத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காப்பாற்றச் சொல்லும் தரப்பில் ஏ.எம்.பி.கே. என்ற நொதி இருக்கிறது. உயிரணுவின் சில்லறைக் காசாகிய ஏ.டி.பி. செலவழிந்து அதன் எச்சமான ஏ.எம்.பி. மிஞ்சும்போது இது விழித்துக்கொள்கிறது. ஒரு மனித உடலில் ஒரு நாளில் செலவாகி மறுபடி உருவாகும் ஏ.டி.பி.யின் மொத்த எடை ஏறத்தாழ அந்த உடலின் எடைக்கே நிகரானது என்பதை நினைத்தால், இந்தக் கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு வேலை என்று புரியும். ஏ.எம்.பி.கே. விழித்ததும் கொழுப்பை எரிக்கச் சொல்கிறது, தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கிறது, எம்டாரின் கையை இரண்டு இடங்களில் கட்டிப்போடுகிறது. நடைப்பயிற்சியும் உணவுக்கிடையே விடும் நீண்ட இடைவெளியும் அதை எழுப்பும், எழுந்த ஏ.எம்.பி.கே. என்.ஏ.டி. அளவையும் உயர்த்தி, சிர்ட்டுயின்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ஆகவே, கேப்சூல் பிரதிபலிக்க விரும்பும் பட்டினி நிலையைப் புரதத் தூள் அதே காலை வேளையில் கலைத்துவிடுகிறது. லிப்டில் மேலே போகும் பொத்தானையும் கீழே போகும் பொத்தானையும் ஒருசேர அழுத்திவிட்டு, இரட்டைப் பயன் என்று விலையையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், புரதத் தூள் தன்னளவில் குற்றவாளி அன்று. அறுபதை நெருங்குகிறவர்களின் தசை கரைந்துகொண்டே போகும். அதைத் தடுக்க எம்டார் விழிக்கத்தான் வேண்டும், லூசினும் வேண்டும். அதே எம்டார் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் விழித்திருப்பதுதான் மூப்பை விரைவுபடுத்துகிறது என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. உண்ணும் வேளையில் வளர்ச்சி, உண்ணாத வேளையில் துப்புரவு என்று முறைவைத்து நடப்பதைத்தான் உயிரணு பழகியிருக்கிறது. விளக்கத்தாள் இதைச் சொல்லியிருந்தால், தூளை ஒரு வேளையிலும் கேப்சூலை வேறொரு வேளையிலும் எடுக்கச் சொல்லியாவது தன் பொருளுக்கு நியாயம் செய்திருக்கலாம்.

எம்டார் என்ற பெயரே ஒரு மருந்திலிருந்து வந்தது. 1964-இன் இறுதியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குக் கப்பலில் போய் மண் மாதிரிகளைச் சேகரித்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா சுரந்த பொருளை மொன்ட்ரியாலில் இருந்த அயர்ஸ்ட் ஆய்வகத்தில் சுரேந்திர சேகலும் அவருடன் பணியாற்றியவர்களும் பிரித்தெடுத்தார்கள். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நுய்யை ஒட்டி அது ராப்பமைசின் ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, நிறுவனம் கைவிட்ட அந்த நுண்ணுயிரை வீட்டு உறைபெட்டியில் வைத்துப் பாதுகாத்து, அமெரிக்காவுக்குக் கையோடு கொண்டுபோனவர் சேகல். 1991-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் மைக்கேல் ஹால், ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா ஆகிய மூவரும் அந்த மருந்து ஈஸ்ட்டில் எந்தப் புரதங்களைத் தாக்குகிறது என்று கண்டார்கள். ராப்பமைசினின் இலக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே டார்; பாலூட்டிகளில் அது எம்டார். 1999-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதை, 600 நாள் வயதான எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தபோது, பத்தில் ஒன்பது எலிகள் இறந்து முடியும் வயது பெண் எலிகளில் 14 விழுக்காடும் ஆண் எலிகளில் 9 விழுக்காடும் தள்ளிப்போனது என்று 2009-இல் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து அறிவித்தன. மனித வயதில் அறுபதுக்கு நிகரான பருவத்தில் தொடங்கியும் பலன் கிடைத்தது என்பதால்தான் அந்த முடிவு அத்தனை பேரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. நோய் எதிர்ப்பை அடக்குவது, வாய்ப்புண், இரத்தக் கொழுப்பு ஏறுவது என்று அதற்குரிய கெடுதல்களும் உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் தொடக்கூடாத பொருள் அது. இதை இங்கே விரித்துச் சொல்வதற்கு ஒரே காரணம், அதே எலி ஆய்வுத் திட்டத்தில் என்.எம்.என்.-இன் நெருங்கிய உறவான நிக்கோட்டினமைடு ரைபோசைடைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை என்ற முடிவு 2021-இல் வெளிவந்ததே. ராப்பமைசின் எலிகளை விளக்கத்தாள் குறிப்பிடுகிறது. இந்த எலிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

லூசினும் என்.எம்.என்.-உம் ஒரே பெட்டியில் வந்ததைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பழைய செய்தியும் நினைவுக்கு வந்தது. என்.ஏ.டி. உருவாகத் தேவையான பி3 கிடைக்காமல் போனால் வருவது பெல்லாக்ரா. தோல் கருகி உரியும், வயிறு போகும், மனம் குழம்பும். சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழைகளிடம் இந்த நோய் இருப்பதை ஆராய்ந்த, சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவருடன் பணியாற்றிய ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் லூசின் மிகுந்திருப்பது நோய்க்குக் காரணமாகலாம் என்று 1960-இல் முன்வைத்தார்கள். பின்னால் எல்லா ஆய்வகங்களும் அதை ஏற்கவில்லை. அது விவாதத்துக்குரியதாகவே நின்றது. ஒரு கரண்டி தூளால் பெல்லாக்ரா வந்துவிடாது. ஆனாலும், லூசினுக்கும் பி3-க்கும் உள்ள உறவை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஐதராபாத்தில் உட்கார்ந்து ஒருவர் சந்தேகித்திருக்கிறார் என்பது இந்தியாவில் இவ்விரண்டையும் சேர்த்து விற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

மனிதர்களிடம் என்ன பலன்? விளக்கத்தாள் மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று தடித்த எழுத்தில் சொல்வது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வைத்தான். மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய, நீரிழிவின் முன்நிலையில் இருந்த 25 பெண்கள். ஒரு பாதிக்கு நாளுக்கு 250 மில்லிகிராம் என்.எம்.என்., மறுபாதிக்கு வெற்று மாத்திரை, பத்து வாரம். என்.எம்.என். உண்டவர்களின் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது மேம்பட்டது; அது மெய்யான, மதிக்கத்தக்க முடிவு. உடல் எடை, இரத்த அழுத்தம், உண்ணாநிலைச் சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு ஆகியவை மாறவில்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. நான் பெண்ணும் இல்லை, பருமனும் இல்லை. எனக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியை விளக்கத்தாள் எழுப்பவே விடவில்லை.

என் கணக்கு இது. ஆறு மாத முடிவில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1-லிருந்து 5.9 ஆனது. முதலில் மகிழ்ந்தேன். அதே மாதங்களில், சர்க்கரையைப் பற்றி எச்சரித்த மருத்துவரின் அறிவுரைப்படி, நானும் மனைவியும் மாலைதோறும் நாற்பது நிமிடம் நடந்தோம், இரவு உணவை ஏழரைக்குள் முடித்தோம். மனைவி ஒரு கேப்சூலையும் தொடவில்லை; அவருக்கு 6.0-லிருந்து 5.7. இரண்டு பேரை வைத்து அறிவியல் பேச முடியாது என்பதை அறிவேன். ஆனால் 17,100 ரூபாயில் எனக்குக் கிடைத்ததைவிட அதிகமாக அவர் ஒன்றும் செலவழிக்காமல் பெற்றுவிட்டார் என்பதை அவர் தினமும் நினைவூட்டுவதை நான் எப்படித் தடுப்பேன்? தூக்கம், சுறுசுறுப்பு, ஞாபகம் ஆகியவற்றில் வேறுபாடு எதையும் உணரவில்லை. பக்கவிளைவாக முதல் வாரத்தில் லேசான வயிற்றுப் பொருமல் இருந்தது, அவ்வளவே.

எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது என் மிகப் பெரிய குறை. வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணுக்களுக்கும் என்.ஏ.டி. ஏராளமாகத் தேவை, அது உருவாகும் பாதையை அடைத்துப் புற்றைப் பட்டினி போட முடியுமா என்று மருந்துகளே சோதிக்கப்பட்டிருக்கின்றன. என்.எம்.என். புற்றை உண்டாக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது என்று ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்? அமெரிக்காவில் 2022-இல் இதைத் துணையுணவாக விற்க முடியாது என்று சொன்ன அரசு நிறுவனமே 2025-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அதையும்கூட விளக்கத்தாளின் புதிய பதிப்பு அரசின் நற்சான்று போலக் காட்டுகிறது. அந்த முடிவு, மருந்தா துணையுணவா என்ற சட்ட வகைப்பாட்டைப் பற்றியது, பலனைப் பற்றியதன்று.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், தயாரிப்புக்கு மூன்றரை, சேவைக்கு இரண்டு, விளக்கத்தாளுக்கு ஒன்று. நீரிழிவின் முன்நிலையில் இருந்து, நடை, உணவு நேரம், தூக்கம் மூன்றையும் சரிசெய்து முடித்த பிறகும் செலவழிக்கப் பணம் மீதமிருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். கூட்டுச் சலுகையை வாங்க வேண்டாம். புரதம் தேவையென்றால் லூசின் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல் சாதாரணத் தூளோ முட்டையோ கொண்டைக்கடலையோ போதும்.

சந்தாவை நிறுத்தச் சொல்லியும் ஏழாவது புட்டி கூரியரில் வந்துவிட்டது. திருப்பி அனுப்பியதில் அதன் பணம் பதினோரு நாளில் வங்கிக்கணக்கில் ஏறியது. கூட்டுச் சலுகையில் வந்த புரதத் தூள் டப்பாவை, திறந்துவிட்டீர்கள் என்று காரணம் சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் அதைக் கேழ்வரகுக் கூழில் கலக்கிக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதி டப்பா இருக்கிறது.